அளந்தால் மிச்சம்: தேய்ந்த டீசல் இன்ஜினுக்கு மறுவாழ்வு

டாடா இண்டிகாவின் டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின் 1,405 சி.சி. கொள்ளளவு கொண்டது. நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 75 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 79.5 மி.மீ. பிஸ்டன் அடியில் நிற்கும்போது ஒரு சிலிண்டரில் சுமார் 368 மில்லி காற்றுக்கு இடமுண்டு. அது உச்சிக்கு வந்ததும் அவ்வளவு காற்றும் 17 மில்லிக்குள் ஒடுங்கியாக வேண்டும். கையேட்டில் 22:1 என்று போட்டிருக்கும் அழுத்த விகிதத்தின் பொருள் இதுதான். பிஸ்டன், ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் நான்கும் சேர்ந்து காவல் காப்பது இந்த 17 மில்லி இடத்தை. காவல் தளர்ந்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஏற்றத்தில் இழுக்காது, சைலன்சர் புகை தள்ளும், இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே போகும்.

1998 டிசம்பரில் அறிமுகமாகி 2018 வரை தயாரிப்பில் இருந்த கார் இது. தமிழ்நாட்டின் டாக்ஸி ஸ்டாண்டுகளில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் இன்றும் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. இப்படிப்பட்ட காரைப் பார்த்து மெக்கானிக் “இன்ஜின் இறக்கணும்” என்று சொல்லும்போது உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும். காரின் விற்பனை மதிப்பே குறைவு. எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் செலவு அந்த மதிப்பை எட்டிவிடும்.

இந்த வேலையில் பணம் இரண்டு வழியாக வீணாகிறது. நல்ல நிலையில் உள்ள பாகத்தை எதற்கும் இருக்கட்டும் என்று மாற்றுவது ஒன்று. மாற்ற வேண்டியதை விட்டுவிட்டுச் சில மாதங்களில் மறுபடி இன்ஜினை இறக்குவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் அளக்காமல் முடிவெடுப்பதுதான். இன்ஜின் தேய்வது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு கணக்கில். சிக்கனமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சூடுதான் தீக்குச்சி

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டிப் பற்றவைக்கும். டீசலில் அந்த வேலையைக் காற்றின் சூடு பார்த்துக்கொள்கிறது. காற்றைச் சட்டென்று ஒடுக்கினால் சூடேறும். 22 மடங்கு ஒடுக்கினால், சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும் வெப்பம் போக, 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ளச் சுமார் 250 டிகிரியே போதும். ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படையும் இந்தச் சூடுதான்.

அப்படியானால் கொஞ்சம் கசிந்தால் என்ன என்று தோன்றலாம். இங்கே நேரம் குறுக்கிடுகிறது. வண்டி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்குப் போக 0.012 விநாடி போதும். காற்று கசிந்து தப்ப அவகாசமே இல்லை. காலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றுவது 200 சுற்று வேகத்தில். அப்போது அதே தூரத்தைக் கடக்க 0.15 விநாடி ஆகிறது. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். கிடைத்த இடைவெளியில் எல்லாம் காற்று தப்பிக்கிறது, மிச்சமுள்ள சூட்டையும் குளிர்ந்த சுவர் வாங்கிக்கொள்கிறது. இண்டிகாவில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள சிறிய சுழல் அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. அந்த அறையின் சுவரும் வெப்பத்தில் பங்கு கேட்கும். அதனால்தான் இவ்வளவு உயர்ந்த அழுத்த விகிதமும் ஹீட்டர் பிளக்கும் இதற்குத் தேவைப்படுகின்றன.

தேய்ந்த டீசல் வண்டி காலையில் அடம்பிடித்து, ஒருமுறை சூடேறிய பின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுவதன் ரகசியம் இது. ஓடுகிறதே என்று விட்டுவிடுவதால்தான் தேய்மானம் முற்றிய பிறகே பலரும் பட்டறைக்கு வருகிறார்கள்.

எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது

ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் சுமார் 2,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் கிலோமீட்டரில் 40 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ரிங் சுவரோடு உரசிப் போகும் தூரம் 159 மி.மீ. கூட்டிப் பார்த்தால் ரிங் சிலிண்டருக்குள்ளேயே 60,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்திருக்கிறது. இத்தனை உரசலுக்குப் பிறகும் சுவர் தேய்ந்திருப்பது பெரும்பாலும் ஒரு தாளின் கனம் அளவுக்கு, அதாவது 0.1 மி.மீ. அளவுக்குத்தான். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் ஓர் ஆயில் படலம் இருப்பதே காரணம். பிஸ்டன் வேகமாக நகரும்போது அந்தப் படலம் ரிங்கைத் தாங்கிப் பிடிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

ஆனால் உச்சியில் பிஸ்டன் திரும்பியாக வேண்டும். திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். வேகம் இல்லாவிட்டால் படலம் அறுந்துவிடும். டீசல் பற்றி அழுத்தம் உச்சத்தில் இருப்பதும், சுவர் மிக அதிகமாகச் சூடேறியிருப்பதும் அந்த இடத்தில்தான். எனவே சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் குழி விழும். அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி அப்படியே வரப்பாக நிற்கும். ஹெட்டைக் கழற்றியதும் அனுபவமுள்ள மெக்கானிக் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுத்துப் பார்ப்பார். நகம் தட்டி நின்றால் வரப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அதிகமாக அழுந்தும். அதனால் வட்டமாக இருந்த துளை மெல்ல முட்டை வடிவமாகிறது.

தேய்மானத்தைத் துரிதப்படுத்துவதில் முதலிடம் தூசிக்கு. டீசல் இன்ஜின் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கும். 2,500 சுற்றில் இந்தச் சிறிய இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய 90,000 லிட்டர் காற்றை விழுங்குகிறது. சாலைத் தூசியில் உள்ள மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, அதன் குழாய் கிளிப் தளர்ந்திருந்தாலோ, அரைக்கும் பொடியை நாமே உள்ளே ஊற்றுவதற்குச் சமம். எரியும்போது உண்டாகும் கரி ஆயிலில் கலந்து அதுவும் அரைக்கும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து அமிலமாகிக் குளிர்ந்த சுவரில் படியும். பி.எஸ்.-3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். பி.எஸ்.-4-ல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கும் பி.எஸ்.-6 டீசலில் 10. இந்தப் பழைய இன்ஜின்கள் தம் இளமையில் குடித்ததைவிட இன்று சுத்தமான டீசலைக் குடிக்கின்றன.

இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

புகையின் நிறம் முதல் தடயம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நாசிலையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல். காலையில் வெள்ளைப் புகை கண் எரியும் வாசனையோடு வந்தால், டீசல் பற்றாமல் வெளியேறுகிறது. அழுத்தம் குறைவாக இருக்கலாம், ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் விழும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருவதைப் பட்டறையில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கிய வாயு மேலே வரும் அடையாளம் அது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஹீட்டர் பிளக் துளையில் மீட்டரைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இவ்வகை இன்ஜினில் நல்ல நிலையில் பொதுவாக 28 முதல் 30 பார் வரை காட்டும். 20-ஐ நெருங்கினால் ஆபத்து. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவு என்பதும் அதே அளவுக்கு முக்கியம். நான்கும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் வயதான தேய்மானம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அங்கே தனியாக ஏதோ நடந்திருக்கிறது: வால்வு, கேஸ்கெட், உடைந்த ரிங்.

குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி சோதித்தால் காரணம் பிரியும். அழுத்தம் ஏறினால் கசிவு ரிங் வழியாக. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் வழியாக. டீசலில் இதைச் செய்யும்போது கை அடக்கம் வேண்டும். மொத்த இடமே 17 மில்லிதான். ஆயில் ஒடுங்காது. தாராளமாக ஊற்றிவிட்டுச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். 5 மில்லிக்கு மேல் விடக் கூடாது.

இன்னொரு சோதனை, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் காது கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். ஆயில் மூடியில் சத்தம் கேட்டால் ரிங். இந்த அரை நாள் வேலை, ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமா, முழு இன்ஜினையும் இறக்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பில்லர் கேஜ் சொல்லும் கணக்கு

இன்ஜினைத் திறந்த பிறகு முதல் கேள்வி, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவையா என்பது. முறையான கருவி போர் கேஜ். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்புத் தேய்மானத்தையும், இரண்டு திசைகளுக்குள்ள வித்தியாசம் முட்டை வடிவத்தையும் காட்டும்.

போர் கேஜ் இல்லாத இடத்தில், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு பில்லர் கேஜும் பள்ளிக்கூட வடிவியலும் ஓரளவு கைகொடுக்கும். ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பகுதிவரை நேராகத் தள்ளுங்கள். அங்கே ரிங் அவ்வளவாக உரசியிருக்காது. ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பில்லர் கேஜால் அளக்க வேண்டும், 0.30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே ரிங்கை மேலே, தேய்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தால் 0.62 காட்டுகிறது. துளையின் விட்டம் கூடும்போது சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும். கூடிய சுற்றளவு முழுவதும் ரிங்கின் வாயில்தான் தெரியும். 0.32-ஐ 3.14-ஆல் வகுத்தால் 0.10. மேல்பகுதியின் விட்டம் 0.10 மி.மீ. தேய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை ரிங் மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டிவிட்டது. முட்டை வடிவம் இதில் தெரியாது. ஆனால் வேலையின் அளவு தெரிந்துவிடும்.

இறுதி வரம்பு அந்தந்த இன்ஜினின் கையேட்டில் உள்ளதுதான். இந்த அளவு கார் இன்ஜின்களில் தேய்மானம் 0.10 மி.மீ.யைத் தாண்டினால் ரீபோர் என்பது பட்டறைகளில் பொதுவான வழக்கம். அதற்குக் கணிசமாகக் குறைவாக இருந்து, சுவரில் கீறலும் இல்லையென்றால், ஹோனிங் கல்லால் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டுப் புது ரிங் போடலாம். இது நியாயமான சிக்கனம். வரம்பைத் தாண்டிய சிலிண்டரில் ரிங் மட்டும் மாற்றுவது அப்படியல்ல. புது ரிங் வட்டமானது, துளையோ முட்டை வடிவம், இரண்டும் பொருந்தாது. மேலே நிற்கும் வரப்பில் புது ரிங்கின் கூர்மையான விளிம்பு முட்டி உடைவதும் உண்டு.

லேத் பட்டறையில்

ரீபோர் என்பது தேய்ந்த சுவரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, மறுபடி வட்டமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. 0.50 மி.மீ. ஓவர்சைஸ் போட்டால் 1,405 சி.சி. இன்ஜின் 1,424 சி.சி. ஆகும்; ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ்வரை போயிருந்தால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம்.

இங்கே ஒரு விதி: பிஸ்டனை முதலில் வாங்கி, மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் குடைய வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை, பிளாக் வார்ப்பிரும்பு. 75 மி.மீ. விட்டத்தில் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் சுமார் 0.15 மி.மீ. பெருக்கும், பிளாக் 0.08 அளவுக்கே பெருக்கும். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் பிஸ்டனின் உடலைச் சற்றே நீள்வட்டமாகவும், மேல்நோக்கிச் சிறுத்தும் செய்கிறார்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் பிஸ்டனோடு வரும் தாளில் கொடுத்திருப்பார். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் தட்டும். தரமான உதிரிக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை சென்னை செம்பியத்திலேயே இருக்கிறது.

குடைந்த சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிடக் கூடாது. ஹோனிங் கல் மேலும் கீழுமாகச் சுழன்று போகும்போது குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். அவற்றில் ஆயில் தங்கும். கோடுகளின் முகடுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் ரிங்கோடு உரசித் தேய்ந்து, சுவரும் ரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ளும்.

பிறகு வருவது, பைசா செலவில்லாத, ஆனால் பலரும் அரைகுறையாகச் செய்யும் வேலை: கழுவுவது. ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் ஆயில் போகும், பொடி போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். துடைத்த பின், ஆயில் நனைத்த வெள்ளைத் துணியைச் சுவரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வந்ததும் உடனே ஆயில் பூசிவிட வேண்டும். வெறும் வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும். பிளாக்கின் ஆயில் பாதைகளையும் இதேபோல் பிரஷ் விட்டுக் கழுவிக் காற்றடித்துக் காயவைக்க வேண்டும். மிஞ்சிய பொடி புதுப் பேரிங்கில்தான் போய்ப் பதியும்.

இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு

சிலிண்டரில் அழுத்தம் 60 பாரை எட்டினாலே பிஸ்டன் தலையில் இறங்கும் சுமை சுமார் 2.7 டன். அது கனெக்டிங் ராடு வழியாக கிராங்க் ஷாஃப்டுக்குப் போகிறது. நடுவில் அதைத் தாங்குவது சில மைக்ரான் ஆயில் படலம். ஷாஃப்ட் சுழலும் வேகமே ஆயிலை இடுக்குக்குள் இழுத்துப்போய் அந்தப் படலத்தை உருவாக்குகிறது. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய பொறியாளர்களின் கணக்கு. 50 மி.மீ. ஷாஃப்டுக்கு 0.05 மி.மீ.

அந்த இடைவெளி தேய்ந்து இரண்டு மடங்கானால் ஓரங்களில் வழியும் ஆயில் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். மெல்லிய இடுக்கில் ஓடும் திரவத்தின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால் வரும் விளைவு. ஆயில் பம்பால் அவ்வளவு ஆயிலை அனுப்ப முடியாது. சூடேறி, சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்குவது இதன் அறிகுறி. கெட்டியான ஆயிலை ஊற்றினால் விளக்கு அணையும்; இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

எல்லா கிராங்க் ஷாஃப்டையும் கிரைண்டிங்குக்கு அனுப்பத் தேவையில்லை. மைக்ரோமீட்டரில், பேரிங்கில் சுழலும் பகுதியான ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசைகளில் அளந்து, வட்டம் கெடாமல் வரம்புக்குள் இருந்தால் மெருகேற்றிவிட்டு ஸ்டாண்டர்டு பேரிங்கே போடலாம். செலவைக் கணிசமாகக் குறைக்கும் இடம் இது. கீறலோ முட்டை வடிவமோ இருந்தால் 0.25 அல்லது 0.50 குறைத்துக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற கனமான பேரிங் போட வேண்டும். ஜர்னல் விளிம்பில் உள்ள வளைவை லேத் காரர் கூர்மையாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் உடைவது அங்கிருந்துதான் தொடங்கும். பொருத்தும்போது பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். மலிவான பொருள், பெரிய காப்பீடு.

ஹெட்டில் அரை மில்லிமீட்டர்

சூடேறி நின்ற வண்டி என்றால் ஹெட் வளைந்திருக்கக்கூடும். நேர்சட்டத்தை வைத்துப் பில்லர் கேஜ் நுழைகிறதா என்று நீளம், அகலம், மூலைவிட்டம் எல்லாத் திசைகளிலும் பார்க்க வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று தண்ணீர் பாதையில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். விரிசல் விட்ட ஹெட்டுக்குப் புது வால்வு போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளும் வேலை.

வால்வுகளைப் பேஸ்ட் போட்டு லேப்பிங் செய்வது பட்டறையிலேயே முடிகிற காரியம். வால்வு முகத்திலும் சீட்டிலும் முறியாத சாம்பல் நிற வளையம் விழ வேண்டும். பிறகு ஸ்பிரிங் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். போர்ட் வழியாக ஈரம் கசியாவிட்டால் வால்வு சரி. ஆனால் தேய்க்கத் தேய்க்க வால்வு ஹெட்டுக்குள் அமிழும். 30 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வால்வுகள் அரை மில்லிமீட்டர் உள்ளே போனால், 17 மில்லி இடம் 0.7 மில்லி கூடும். 22 ஆக இருந்த அழுத்த விகிதம் 21-க்கு அருகே வந்துவிடும். ஹெட் கேஸ்கெட் 0.1 மி.மீ. கனமாக வாங்கினால் மேலும் அரைப் புள்ளி போகும். எல்லாம் புதிதாக மாட்டியும் காலை ஸ்டார்ட்டிங் சரியில்லை என்று புலம்பும் பலருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். டீசல் ஹெட்டின் முகத்தைத் தேய்ப்பதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறைவு. எவ்வளவு தேய்க்கலாம், எந்தக் கனத்தில் கேஸ்கெட் என்பதைக் கையேடு பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது

அளவில் தேறிய கிராங்க், கனெக்டிங் ராடு, கேம் ஷாஃப்ட், வால்வு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் மறுபடி போடலாம். கழற்றுவது, சுரண்டுவது, கழுவுவது, போல்ட்டுகளை இடம்வாரியாக அடையாளமிட்டு வைப்பது எல்லாம் உடல் உழைப்பு; ஆர்வமுள்ள உரிமையாளர் தானே செய்யலாம்.

ரிங், பேரிங், முழு கேஸ்கெட் செட், ஆயில் சீல், கோணம் வைத்து முறுக்கும் வகை ஹெட் போல்ட் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது; புதிதாகவே போட வேண்டும். அந்தப் போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கும்போதே நீண்டு கொடுப்பவை. மறுமுறை அதே பிடி கிடைக்காது. டைமிங் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் புதிதாக இருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். போட்ட பணம் முழுவதும் ஒரே நொடியில் போகும். கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்குவதும் நஷ்டமே. உள்ளே வழிந்த பிசிறு ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்துக்கொள்ளும்.

நாசில் சோதனையைப் பலர் செலவென்று தள்ளிப்போடுகிறார்கள். இவ்வகை நாசில் பொதுவாக 120 முதல் 150 பார் அழுத்தத்தில் திறந்து, பனிப்படலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒழுகினால் அந்த டீசல் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங் வறண்ட சுவரில் உரசும். பழைய இன்ஜின் தேய்ந்ததற்கே அந்த நாசில் காரணமாக இருந்திருக்கலாம். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவை மட்டும் சரிசெய்தால் அதே வேலை திரும்பி வரும். ஏர் ஃபில்டர் குழாய், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஆகியவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய ஹாஃப் இன்ஜின் வாங்கிப் போடுவது இன்னொரு வழி. சில சமயம் மலிவாகவே முடியும். ஆனால் அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்த இன்ஜின். மேலே சொன்ன அளவுகளை எடுக்காமல் வாங்கினால் தெரிந்த நோயைக் கொடுத்துத் தெரியாத நோயை வாங்கியதாகும். இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால் முறையான ரசீதோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான். அதன் பிறகு வண்டியைக் காட்டித் தகுதி பார்த்தே புதுப்பிப்பார்கள். அடிச்சட்டம் துருப்பிடித்த காருக்கு இன்ஜின் வேலை பார்ப்பதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

பூட்டிய பிறகு

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசல் பம்பின் சொலினாய்டு வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகே தீ.

புது இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கமல்ல. 1850-களில் ஆங்கிலேய ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் உருவாக்கிய பிளவுபட்ட ரிங்கின் தத்துவம்தான் இன்றும் தொடர்கிறது. அதன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். ரிங்குக்குப் பின்னால் புகும் வாயு அழுத்தமே அதைச் சுவரோடு நன்றாக அழுத்துகிறது. ஐடிலில் அந்த அழுத்தம் குறைவு. ரிங் உட்காராமல் சுவர் மட்டும் மெழுகிவிடும். எனவே இன்ஜின் சூடேறியதும் சாலைக்கு எடுத்துச் சென்று, மிதமான சுமையில், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். கடும் ஏற்றமும் முழு ஆக்ஸிலரேட்டரும் சில நூறு கிலோமீட்டர்களுக்கு வேண்டாம். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். உரசி விழுந்த உலோகப் பொடி அதில்தான் இருக்கும்.

வேலையை ஒப்படைக்கும் முன்பே ஒரு நிபந்தனை வையுங்கள். சிலிண்டர், கிராங்க், ஹெட் மூன்றின் அளவுகளையும் வேலைக்கு முன் எவ்வளவு, வேலைக்குப் பின் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். நல்ல மெக்கானிக்கும் நல்ல லேத் காரரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்கள் எப்படியும் எழுதி வைத்துக்கொள்பவர்கள்தான். அளவுச் சீட்டு தர மறுக்கும் பட்டறையில், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், இன்ஜினை இறக்காதீர்கள்.